குத்தாலம் பக்கம் பழைய வீடு வாங்கலாமா? முதலில் அடிமனை யாருடையது என்று பாருங்கள்

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சென்னையில் வாடகை வீடு. உங்களுக்கும் மனைவிக்கும் பெரும்பாலான நாள் வீட்டிலிருந்தே வேலை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிறந்த பக்கமே போய்விட ஆசைப்படுகிறார். மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய ஓட்டு வீடு பார்த்திருக்கிறீர்கள். தெருவிலிருந்து கொல்லை வரை 30க்கு 160 அடி, அதாவது 11 சென்ட். தரகர் வீட்டு வரி ரசீதும், மின் இணைப்பு அட்டையும், அறுபதுகளில் எழுதிய ஒரு கிரயப் பத்திரமும் காட்டியிருக்கிறார். பட்டாவுக்கு மனு கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். இந்த வாரத்துக்குள் ஒரு லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா, அமைதியான ஊரில் வீடு வாங்கும்போது வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது கேள்வி.

இந்த வாரம் பணம் கொடுக்காதீர்கள். வீடு மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் காட்டியதில் வரி ரசீதும் மின் அட்டையும் மேலே நிற்கிற கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. கீழே இருக்கிற மண் யாருடையது என்று அவை சொல்லாது, பழைய பத்திரத்தையும் முழுக்கப் படிக்காமல் நம்ப முடியாது. காவிரிக் கரையில் பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பத்திர எழுத்து வேலையில் பல வருடமாக இருக்கிறேன். இந்தப் பக்கத்தில் வருகிற தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் முளைக்கின்றன.

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ‘அடிமனை’ என்று ஒன்று உண்டு. மனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கும். அதன் மேல் கட்டிய வீடு மட்டும் குடியிருப்பவருடையது. அவர் வருடத்துக்கு ஒரு சிறு தொகையை ‘பகுதி’ என்ற பெயரில் மனை வாடகையாகக் கட்டிக்கொண்டு மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே இருப்பார். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களுக்கும் திருப்பனந்தாள் காசி மடத்துக்கும், ஊர் ஊராக உள்ள சிவன், பெருமாள் கோயில்களுக்கும் இந்தப் பக்கத்தில் நிறைய நிலம் உண்டு. வயல் மட்டும் இல்லை. முழுத் தெருக்களே கோயில் மனையில் நிற்கின்றன. சன்னதித் தெரு, மடவிளாகம், அக்கிரகாரம் என்ற பெயர்களைக் கேட்டாலே இந்தச் சந்தேகம் வர வேண்டும். பழைய பத்திரங்களில் “அடிமனை நீங்கலாக மேல்கட்டுக்கோப்பு மட்டும்” என்று ஒரு வரி எங்காவது நடுவில் இருக்கும். நாலாவது பக்கத்தில், நான்கெல்லைக்கு மேலே, மங்கிய கையெழுத்தில் இருக்கும். தரகர் அதைப் படித்துக் காட்டமாட்டார். நீங்கள்தான் பத்திரத்தை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசிச் சாட்சி கையெழுத்து வரை படிக்க வேண்டும்.

அப்படி இருந்தால் வாழவே முடியாதா என்றால், முடியும். எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் அதை வாங்குவது வேறு கணக்கு. இந்து சமய அறநிலையத்துறைச் சட்டம் 1959ன் 34வது பிரிவுப்படி கோயில் சொத்தை ஆணையரின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அதைப் பதிவு செய்யவே விடாது. நியாய வாடகை நிர்ணயம் ஆகும்போது மாதத் தொகை பல மடங்கு ஏறலாம், பழைய பாக்கியும் சேர்ந்து வரலாம். வங்கிக் கடன் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். “எங்க தாத்தா காலத்திலேர்ந்து எங்க கையிலதான் சார் இருக்கு” என்பது உண்மையாகவே இருக்கும். கையில் இருப்பதும் சொந்தமாக இருப்பதும் வேறு வேறு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தரகரிடம் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேளுங்கள். அந்த இரண்டு எண்ணைச் சொல்ல முடியாதவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம். எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் இ-சேவை நிலப்பதிவு இணையதளத்தில் அ-பதிவேடு, அதாவது எந்த எண் நிலம் யார் பேரில் என்று சொல்லும் கிராமக் கணக்கு, எடுங்கள், இலவசம். உரிமையாளர் இடத்தில் ‘அருள்மிகு’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது. பதிவுத்துறைத் தளத்தில் வழிகாட்டி மதிப்பையும், அதாவது அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கிற மதிப்பையும், பாருங்கள். அந்த எண்ணுக்கு நேரே பூஜ்யம் என்று காட்டினால் பதிவு தடுக்கப்பட்ட இடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அ-பதிவேட்டில் ‘கிராம நத்தம்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். நத்தம் என்பது ஊர்மக்கள் குடியிருக்க ஒதுக்கிய இடம். பெரிய எண் ஒன்றாக இருக்கும், தனித்தனி வீட்டுப் பெயர்கள் அதில் வராது. அதற்கு நத்தம் அடங்கலும் நத்தம் பட்டாவும் தனியாக உண்டு. நத்தத்தில் குடியிருப்பவரின் மனை அரசுடையது ஆகிவிடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ‘தோராயப் பட்டா’ என்று ஒன்றும் ‘தூய பட்டா’ என்று ஒன்றும் இருப்பதைக் கவனியுங்கள். தோராயப் பட்டா முதல்கட்டக் கணக்கு, தூய பட்டாதான் இறுதிக் கணக்கு. தோராயப் பட்டாவை மட்டும் காட்டினால், தூய பட்டாவில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்க்க வேண்டும். வாய்க்கால் புறம்போக்கு, களம், மந்தை, மேய்ச்சல் என்று வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டாவும் பஞ்சமி நிலமும் அப்படியே. பஞ்சமி நிலம் என்பது 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கிய நிலம். வேறு ஒருவர் வாங்கினால் செல்லாது. அதை வாங்கக் கூடாது என்பது சட்டத்துக்காக மட்டும் சொல்வது இல்லை.

ஒரு முக்கியமான நுணுக்கம். 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது, எல்லோரும் யூ.டி.ஆர். என்பார்கள். அப்போது எண்கள் மாறின, பல பெயர்கள் தவறாகவும் ஏறின. உங்கள் தரகர் காட்டிய பத்திரம் அறுபதுகளில் எழுதியது, அதில் இருப்பது பழைய எண்ணாக இருக்கும், அல்லது எண்ணே இல்லாமல் நான்கெல்லை மட்டும் இருக்கும். வில்லங்கச் சான்று எடுக்கும்போது புதிய எண்ணை மட்டும் போட்டால் பழைய பரிவர்த்தனைகள் வராது. ‘வில்லங்கம் இல்லை’ என்று சுத்தமாக ஒரு தாள் வரும், அதைக் காட்டி எல்லாம் கிளியர் என்பார்கள். பழைய எண், புதிய எண், கதவு எண் மூன்றுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கைமுறைத் தேடல் செய்யச் சொல்லுங்கள். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் இந்த வீட்டுக்கு அது தேவை.

மூலப் பத்திரம் அசலைக் கண்ணால் பாருங்கள், நகல் போதாது. தனியாரிடம் பத்திரத்தை வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியாது. அசல் எங்கே என்ற கேள்விக்குத்தான் அது வெளியே வரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் இதன் பேரில் கடன் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்து விடுங்கள்.

பட்டா இல்லாமல் வாங்கவே கூடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டப்படி பட்டா உரிமைப் பத்திரம் இல்லை; வருவாய்க் கணக்கில் ஒரு பதிவு. ஆனால் பட்டா விற்பவர் பேரில் வந்த பிறகு வாங்குவது உங்களுக்கு நல்லது. மனு கொடுத்திருந்தால் மனு எண் இருக்கும், அதைக் கேட்டு நிலையைப் பாருங்கள். ஏற்கெனவே ஒருமுறை தள்ளுபடி ஆகியிருந்தால் காரணம் அதில் எழுதியிருக்கும். அந்தக் காரணம் தரகர் சொல்கிற நூறு வார்த்தையைவிட உபயோகம்.

அடுத்தது வாரிசுகள். கிராமத்துப் பழைய வீடு பெரும்பாலும் பாகம் பிரிக்காமல் கிடக்கும். அப்பா பேரில் இருக்கும், அண்ணன் தம்பி நான்கு பேர் கையெழுத்துப் போடுவார்கள், இரண்டு சகோதரிகளைப் பற்றிப் பேச்சே வராது. “அவங்களுக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு” என்பார்கள். சீர் செய்தது பங்கைக் கொடுத்தது ஆகாது. தமிழ்நாட்டில் 1989ல் பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு வந்தது. 2005ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. 2020ல் உச்ச நீதிமன்றம், 2005ல் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது கணக்கில்லை, மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பெயர்களை எண்ணுங்கள். இறந்தவர் இருந்தால் அவருடைய வாரிசுகளையும் எண்ணுங்கள். அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். பங்காளிகளில் மைனர் இருந்தால் வக்கீலைக் கேட்காமல் நகராதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பியிருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று வீடியோ அழைப்பில் நேராகப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் போய்விடும்.

காகிதம் சரியாக இருந்தால், அப்புறம் வீட்டைப் பார்க்கலாம். ரசித்துப் பார்ப்பது இருக்கட்டும், முதலில் தெருவில் நின்று வாசற்படியை எண்ணுங்கள். அந்தக் காலத்தில் தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று நான்கு படி வைத்துத்தான் கட்டுவார்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது, அல்லது படியே இல்லை என்றால், ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் ரேழிக்குள் வரும். சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குச் சுண்ணாம்பு உப்பி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக அந்த உயரத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் அதுவும் ஒரு விடைதான்.

முற்றத்தில் விழுகிற மழைநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பழைய வீட்டில் முற்றத்து மூலையில் ஒரு துவாரம் இருக்கும். தரைக்கடியில் கல் பாவிய கால்வாய் வழியாகக் கொல்லைக்கோ தெருவுக்கோ போகும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் நின்றால், எங்கேயோ அடைத்திருக்கிறது அல்லது பக்கத்து வீட்டார் அவர்கள் எல்லையில் மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டாவதாக இருந்தால் அது கொத்தனார் தீர்க்கிற பிரச்சினை இல்லை. பத்திரத்தில் ‘நீர்ப்போக்கு பாத்தியம்’ இருக்கிறதா என்று திரும்ப அதைப் புரட்ட வேண்டும்.

இந்த மாதிரி நீள வீடுகளில் இரண்டு பக்கமும் பொதுச் சுவராகவே இருக்கும். பக்கத்து வீட்டை இடித்துக் காங்கிரீட் கட்டும்போது உங்கள் கூரை அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். இருபுறமும் யார், அவர்களுக்கு இடிக்கிற எண்ணம் இருக்கிறதா என்று போய்ப் பேசிவிடுங்கள்.

கூரை நாட்டு ஓடா, மங்களூர் ஓடா? நாட்டு ஓடு என்றால் வருடா வருடம் மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். குரங்கு நடமாட்டம் உள்ள ஊராக இருந்தால் ஓடு ஒரு வாரம் ஒழுங்காக இருக்காது. உத்திரமும் சட்டமும் சுவருக்குள் நுழைகிற முனையைத்தான் கரையான் முதலில் பிடிக்கும். ஏணி வைத்து ஏறி, அந்த முனையில் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூடத்துத் தூண் தேக்காகப் பளபளவென்று நிற்கும். அதைப் பார்த்து மயங்கி மேலே இருக்கிற பனஞ்சட்டத்தைப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு மேல் சிமென்ட் பூச்சு பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கிச் சுவரையே தின்னும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. இந்த வண்டலும் களியும் கலந்த மண் மழையில் ஊறிக் கோடையில் சுருங்கும். சுவரில் மேலிருந்து கீழே படிக்கட்டு மாதிரி சாய்வாக ஓடுகிற விரிசல் இருந்தால் அடித்தளம் இறங்கியிருக்கலாம். ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிப்போங்கள்.

ஊருக்கு வெளியே தண்ணீர் வருகிற வாய்க்காலையும், வடிகிற வாய்க்காலையும் நடந்து பாருங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவார்கள். மாசியில் நீங்கள் பார்க்கிற வறண்ட பள்ளம் கார்த்திகையில் வேறு மாதிரி இருக்கும். கொல்லைக்குப் பின்னால் ஓடுவது பாசன வாய்க்காலா, வடிகாலா என்பது பெரிய வித்தியாசம். வடிகால் தூர்வாராமல் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால், வயல் தண்ணீர் எல்லாம் உங்கள் கொல்லையில்தான் தங்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை பெய்தது. இங்கிருந்து அதிக தூரம் இல்லை. அந்த வாரம் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். தரகரைக் கேட்காதீர்கள், டீக்கடையில் கேளுங்கள், கையை வைத்து முழங்காலில் காட்டுவார்கள்.

குடிநீர் இந்தப் பகுதியில் பெரிய பிரச்சினை இல்லை, கடற்கரைப் பக்கம் போகப் போகத்தான் உப்பு. இருந்தாலும் அடிபம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். இணைய இணைப்பு உங்கள் பிழைப்பு என்பதால் வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு வேலைநாள் முழுக்க இரண்டு நிறுவனத்து சிம் வைத்துப் பாருங்கள். தடித்த சுவருக்குள் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். மின்வெட்டு புயல் நாட்களில் நீளும், இன்வெர்ட்டர் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இனி அமைதி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்து, அமைதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மத்தியானம் எந்த ஊரும் அமைதிதான். மார்கழி முழுக்கக் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். ஆடியில் மாரியம்மன் கோயில். அறுவடைக் காலத்தில் இயந்திரங்கள் இரவிலும் ஓடும். பக்கத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருந்தால் குறுவையிலும் சம்பாவிலும் லாரி வரிசை. அரிசி ஆலை இருந்தால் உமிச்சாம்பல் காற்றில் வந்து முற்றத்தில் படியும். கோயில் பாட்டும் அறுவடையும் ஊரின் வாழ்க்கை, அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். போய் நிறுத்தச் சொல்கிறவரை ஊர் ஏற்காது. ஆலைச் சாம்பலுக்கும் லாரிக்கும் பழக முடியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது சாம்பல் வரும் என்று தெருவில் துணி காயப்போடுகிற பெண்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

எனக்கு அதைவிடக் கவலை வேறு வகை அமைதி. இந்தப் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் பாதி வீட்டுக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் போய்த் தெருவில் எத்தனை வாசலில் வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். நீங்கள் இருவரும் வேலையாகச் சென்னை போய்விட்ட ஒரு நாளில், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் யார் இருக்கிறார்கள்? இரண்டு பக்கமும் பூட்டிய வீடு என்றால், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் அம்மாவுக்காக அதை வேண்டாம் என்பேன். விலை கொஞ்சம் கூடினாலும் ஆள் நடமாட்டம் உள்ள தெருவில், மாடு கட்டியிருக்கிற, பிள்ளைகள் சைக்கிள் விடுகிற தெருவில் பாருங்கள்.

மருத்துவம்: சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வருகின்றன, அம்மாவைப் பதிந்துகொள்ளுங்கள். அவசரம் என்றால் மயிலாடுதுறை அல்லது கும்பகோணம் அரசு மருத்துவமனை. பெரிய சிக்கல் என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, கும்பகோணத்திலிருந்து மேலும் 40 கிலோமீட்டர். இருதயக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் இந்தத் தூரத்தை மருத்துவரிடம் சொல்லி அவர் கருத்தைக் கேளுங்கள். பாம்பும் உண்டு. கட்டுவிரியன் இரவில் வரும், கடித்தது வலிக்காமலேகூட இருக்கலாம். தரையில் படுக்கக் கூடாது, கட்டிலும் கொசுவலையும் கட்டாயம், கொல்லைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் விளக்கு வேண்டும். முடிந்தால் கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். மந்திரிக்கப் போய் நேரத்தை விடக் கூடாது.

ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். இங்கே தெருக்கள் இன்னும் சாதிவாரியாகத்தான் இருக்கின்றன. விலை பேசும்போது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று சுற்றி வளைத்துக் கேட்பது இதற்காகத்தான். சில தெருக்களில் பட்டியல் சாதிக் குடும்பத்துக்கோ முஸ்லிம் குடும்பத்துக்கோ விற்க உரிமையாளர் சம்மதித்தாலும் தெரு தடுக்கும். அது அநியாயம், மாற வேண்டும். ஆனால் அம்மாவோடு குடியேறப் போகிறவர் அதைக் குடியேறிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. முன்பணத்துக்கு முன்பே தெருவில் இரண்டு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அசைவம் சமைப்பது, நாய் வளர்ப்பது, மனைவி வேலை அழைப்புகளில் இரவில் பேசுவது எல்லாவற்றையும் எது எப்படிப் பார்க்கப்படும் என்று அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருவார்கள். கொடுத்துவிடுங்கள், கொடுத்த வீடுதான் ஊர்க் கணக்கில் ஒரு வீடு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் நில்லுங்கள். உங்கள் அம்மா அந்தப் பக்கத்துக்காரர் என்பது இங்கே பெரிய பலம். அவருடைய பிறந்த ஊர் பெயரைச் சொன்னால், யாராவது ஒருவர் உறவு கண்டுபிடித்து விடுவார்.

பணக் கணக்கு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பேரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. பின்னால் நீங்கள் விற்கும்போது குறைத்துக் காட்டிய தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியது நீங்கள்தான். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்கு வரி பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. உள்நாட்டவருக்கு உள்ள 50 லட்சம் வரம்பு அவருக்குக் கிடையாது, விகிதமும் அதிகம். ஒரு ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். முன்பணம் கொடுக்கிற நாள் வந்தால், வெள்ளைத் தாளில் எழுதிய ஒப்பந்தம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வங்கி வழியாகப் பணம், எல்லா வாரிசுகளும் கையெழுத்து, பட்டா வராவிட்டால் பணம் திரும்ப என்று ஒரு வரி.

பதிவுக்கு முன் கட்டணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், ஒரு ஏர் 2.47 சென்ட். 0.04.50 என்று போட்டிருந்தால் நாலரை ஏர், அதாவது 11 சென்டுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் வீட்டுக்கு அதையொட்டித்தான் வர வேண்டும். பழையவர்கள் குழிக் கணக்கில் சொல்வார்கள். இந்தப் பக்கத்துக் குழி 12க்கு 12 அடி, நூறு குழி ஒரு மா. 33 குழி என்று சொன்னால் கணக்கு சரி. அதில் பெரிய வித்தியாசம் வந்தால் பின்கொல்லை யாருக்கோ போயிருக்கிறது.

கடைசியாக, இதையெல்லாம்விட முக்கியமாக நான் நினைக்கிற ஒன்று. அதே ஊரில், முடிந்தால் அதே தெருவில், புரட்டாசிக் கடைசியிலிருந்து தை வரை ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருங்கள். மூன்று பேரும். பூட்டிக் கிடக்கிற வீட்டைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கப் பலர் தயாராக இருப்பார்கள், வீடு பராமரிப்பில் இருக்குமே என்று. தண்ணீர் எங்கே நிற்கிறது, கொசு எவ்வளவு, மார்கழி விடியலில் தூங்க முடிகிறதா, அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடைக்கிறதா, சென்னைக்கு அவசரமாகப் போக சோழன், உழவன் ரயில்களில் இடம் கிடைக்கிறதா என்று எல்லாம் அந்த நாலு மாதத்தில் தெரிந்துவிடும். அதற்குள் பட்டா மனுவுக்கும் ஒரு முடிவு வந்திருக்கும். அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன், வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்று தரகர் சொன்னால் சொல்லட்டும். இந்தப் பக்கத்தில் விற்பனைக்கு நிற்கிற பழைய வீடுகள் அதிகம், வாங்க வருகிறவர்கள் குறைவு.

சர்வே எண் கிடைத்ததும் அ-பதிவேட்டில் என்ன வருகிறது என்று இதன் கீழேயே எழுதுங்கள். கோயில் பெயரா, நத்தமா, தனியார் பெயரா என்பதைப் பொறுத்து அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிறேன். பழைய பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியையும், ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு, தட்டச்சு செய்து போட்டால் பார்க்கிறேன்.